விடுபட்ட பேட்ச் எதுவும் இல்லை என்ற அறிக்கையை எப்போது நம்பலாம்?

யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் பேட்ச் (மென்பொருளின் குறைகளைச் சரிசெய்யும் திருத்தம்) பகுப்பாய்வைத் தானியக்கமாக நடத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: எங்கள் பொறுப்பில் ரெட் ஹாட், உபுண்டு, ஏஐஎக்ஸ், சோலாரிஸ் 10 ஆகிய நான்கு வகைச் சர்வர்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பகுப்பாய்வுப் பணியை அமைத்து, இரவில் தானாக ஓடும்படி விட நினைக்கிறோம். இது சரியான வழியா? ஓடும்போது சர்வரில் எதையாவது மாற்றிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்: அச்சத்தை முதலில் போக்கிவிடலாம். பகுப்பாய்வு என்பது சர்வரில் இப்போது என்ன இருக்கிறது என்பதையும், வெளியீட்டாளர் இதுவரை என்னென்ன வெளியிட்டிருக்கிறார் என்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு முடிந்துவிட வேண்டும். பேட்சை நிறுவுவது வேறு பணி. அதற்கு வேறு அனுமதி, வேறு நேரம், வேறு பொறுப்பாளர் தேவை. ஒரே பணிக்குள் இரண்டையும் வைத்து, நிறுவும் பகுதியை ஓர் அமைப்பு வரியால் மட்டும் அணைத்து வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் யாரோ ஒருவர் அந்த வரியை மாற்றினால் போதும், அன்றிரவே எல்லாச் சர்வர்களிலும் பேட்ச் ஏறிவிடும். ரெட் ஹாட் வகைச் சர்வர்களில் புதுப்பிப்புகளைத் தானாகக் கவனிக்கும் டிஎன்எஃப்-ஆட்டோமேட்டிக் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அப்ளை அப்டேட்ஸ் என்ற அமைப்பு 'நோ' என்றிருக்கிறதா என்பதை ஒவ்வொரு சர்வரிலும் சரிபார்க்கும் ஒரு தனிச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பணி என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. 'பேட்ச்' என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், நான்கு இயங்குதளங்களிலும் அது நான்கு விதமாக அளக்கப்படுகிறது. ரெட் ஹாட்டிலும் உபுண்டுவிலும் ஒப்பிடப்படுவது பேக்கேஜின் (தொகுப்பாக நிறுவப்படும் மென்பொருளின்) பதிப்பு. ஏஐஎக்ஸில் முதலில் பார்க்க வேண்டியது டெக்னாலஜி லெவலும் (பெரிய வெளியீடு), அதன் மேல் வரும் சர்வீஸ் பேக்கும் (திருத்தத் தொகுதி) ஆகும். ஓஎஸ்லெவல் கட்டளை 7200-05-03-2148 என்று விடை தந்தால், அது ஏஐஎக்ஸ் 7.2, ஐந்தாம் டெக்னாலஜி லெவல், மூன்றாம் சர்வீஸ் பேக், 2021ஆம் ஆண்டின் 48ஆம் வார வெளியீடு என்று பொருள்படும். ஒரே ஒரு ஃபைல்செட் (சேர்ந்தே நிறுவப்படும் கோப்புகளின் தொகுதி) பழைய நிலையில் தங்கிவிட்டாலும் இந்த எண் கீழிறங்கிக் காட்டும். ஆகவே எண்ணை மட்டும் சேகரிக்காமல், பின்தங்கிய ஃபைல்செட்டுகளின் பட்டியலையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இடைக்காலத் திருத்தங்கள் இந்த எண்ணில் தெரியவே தெரியா என்பதால், அவற்றைக் காட்டும் ஈஎம்ஜிஆர் கட்டளையின் பட்டியலும் தேவை. அந்தத் திருத்தங்கள் சில ஃபைல்செட்டுகளைப் பூட்டி வைத்திருக்கும். அடுத்த சர்வீஸ் பேக்கை ஏற்றும் குழுவுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

சோலாரிஸ் 10 இன்னும் வேறுபட்டது. அங்கே ஒவ்வொரு பேட்சுக்கும் ஆறு இலக்க எண்ணும், அதன் பின் இரண்டு இலக்கத் திருத்த எண்ணும் உண்டு. 118833-36 என்ற பேட்ச் ஸ்பார்க் வன்பொருளுக்கான கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பேட்ச். அதே வேலையை எக்ஸ்86 வன்பொருளில் செய்வது 118855-36. வன்பொருளைப் பிரிக்காமல் ஒரே பட்டியலை வைத்து ஒப்பிட்டால், ஒருபோதும் பொருந்தாத பேட்சுகள் எல்லாம் 'விடுபட்டவை' என்று வந்து நிற்கும். அத்துடன், பழைய பேட்ச் ஒன்றை வேறு எண் கொண்ட புதிய பேட்ச் முழுவதுமாக உள்ளடக்கிக்கொள்வதும் உண்டு. உங்கள் கருவி அந்தத் தொடர்பைப் பின்பற்றவில்லை என்றால், ஏற்கெனவே சரிசெய்யப்பட்டதைக்கூட இல்லை என்றே சொல்லும். சோலாரிஸ் 11 இந்த முறையையே விட்டுவிட்டுப் பேக்கேஜ் முறைக்கு மாறிவிட்டது என்பதால், 10க்கும் 11க்கும்கூட ஒரே பணி உதவாது.

எனவே இயங்குதளம், அதன் முதன்மைப் பதிப்பு, வன்பொருள் ஆகிய மூன்றையும் வைத்துச் சர்வர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கேட்டலாக்கும் (வெளியீட்டாளர் வெளியிட்ட பேட்சுகளின் பட்டியல்) தனிப் பணியும் அமையுங்கள். அறிக்கையை மட்டும் கடைசியில் ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: பல மாதங்களாக எங்கள் பகுப்பாய்வு அறிக்கை 'விடுபட்ட பேட்ச் 0' என்றே வந்துகொண்டிருந்தது. தணிக்கைக்காக வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்திய சோதனையில், அதே சர்வர்களில் பாதுகாப்புப் பேட்சுகள் நிறைய விடுபட்டிருப்பது தெரிந்தது. பணி ஒருநாள்கூடத் தோல்வியடைந்ததாகப் பதிவு இல்லை. எங்கே பிழை இருக்கும்?

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் இதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். உங்கள் அமைப்பைப் பார்க்காமல் காரணம் இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் சுழியம் என்ற விடை பிறக்கும் வழிகள் சில உண்டு, அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.

முதலில் கேட்டலாக் எத்தனை நாள் பழையது என்று பாருங்கள். இணையத் தொடர்பில்லாத சர்வர்களுக்காக உள்ளே ஒரு மிரரை (வெளியீட்டாளரின் பேட்ச் சேமிப்பகத்தின் நகலை) வைத்திருப்பவர்களுக்கு இதுவே பொதுவான சிக்கல். வெளியிலிருந்து மிரரைப் புதுப்பிக்கும் பணி எப்போதோ நின்றுபோயிருக்கும். சர்வர்களோ அந்தப் பழைய மிரரோடு தங்களை ஒப்பிட்டுக்கொண்டு, எல்லாம் சரி என்று ஒவ்வோர் இரவும் உண்மையாகவே சொல்லிக்கொண்டிருக்கும். இதன் இன்னொரு வடிவம் ஆதரவு முடிந்த பதிப்புகள். ரெட் ஹாட் 7, சென்ட்ஓஎஸ் 7 ஆகிய இரண்டின் பராமரிப்புக் காலமும் 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. நீட்டிப்புச் சந்தா வாங்காத சர்வருக்கு அதன் பின் புதிய பேட்ச் எதுவும் வருவதில்லை என்பதால், கடைசியாக வந்தவற்றை ஏற்றிவிட்ட சர்வர் என்றென்றைக்கும் 'விடுபட்டது 0' என்றே காட்டும். ஆதரவு முடியும் தேதியை ஒவ்வொரு குழுவோடும் சேர்த்துப் பதிந்து, அந்தத் தேதி கடந்தால் அறிக்கையில் எண்ணுக்குப் பதிலாக 'ஆதரவு இல்லை' என்ற சொல் வருமாறு செய்யுங்கள்.

அடுத்து, விலக்குப் பட்டியல். டிஎன்எஃப் அமைப்புக் கோப்பில் எக்ஸ்க்ளூட் என்ற வரியில் கெர்னலை யாராவது சேர்த்திருந்தால், புதிய கெர்னல்கள் பகுப்பாய்வின் கண்ணுக்கே படாது. நிறுவும்போது கெர்னலைத் தவிர்க்க ஒருவருக்கு நியாயமான காரணம் இருக்கலாம். அந்தக் காரணம் பகுப்பாய்வுக்குப் பொருந்தாது. டிசேபிள்-எக்ஸ்க்ளூட்ஸ் விருப்பத்தோடு கட்டளையை ஓட்டி, விலக்கப்பட்டவற்றையும் 'முடிவெடுத்து ஒத்திவைக்கப்பட்டவை' என்ற தலைப்பில் அறிக்கையில் காட்ட வேண்டும். உபுண்டு, டெபியன் சர்வர்களில் ஹோல்ட் செய்யப்பட்ட (புதுப்பிக்காமல் நிறுத்தி வைக்கப்பட்ட) பேக்கேஜ்களுக்கும் இதே விதிதான்.

'பாதுகாப்புப் பேட்சுகள் மட்டும்' என்ற வடிகட்டியையும் கவனியுங்கள். ரெட் ஹாட் தன் ரெப்போவோடு (பேக்கேஜ் சேமிப்பகத்தோடு), எந்தப் பேக்கேஜ் எந்தப் பாதுகாப்பு அறிவிப்பைச் சேர்ந்தது என்ற குறிப்பையும் வெளியிடுகிறது. சென்ட்ஓஎஸ் 7இன் ரெப்போக்களில் அந்தக் குறிப்பு இடம்பெறவில்லை. எனவே அங்கே பாதுகாப்பு வடிகட்டியோடு கேட்டால், நூறு பேக்கேஜ்கள் பின்தங்கியிருந்தாலும் விடை வெறுமையாகவே இருக்கும். உங்கள் சர்வர்களில் சென்ட்ஓஎஸ் இருக்குமானால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

கடைசியாக, பணியைச் சுற்றி எழுதப்பட்ட ஸ்கிரிப்ட். ரெட் ஹாட் வகையின் பேக்கேஜ் கருவிகளான யம், டிஎன்எஃப் இரண்டிலும் செக்-அப்டேட் கட்டளை, புதுப்பிக்க எதுவும் இல்லை என்றால் 0 என்ற எக்ஸிட் கோடையும் (கட்டளை முடியும்போது தரும் எண்), இருந்தால் 100ஐயும், பிழை நேர்ந்தால் 1ஐயும் தருகிறது. சூசே லினக்ஸின் ஸிப்பர் பேட்ச்-செக் கட்டளை, பேட்ச் தேவைப்பட்டால் 100ஐயும் அவற்றில் பாதுகாப்புப் பேட்ச் இருந்தால் 101ஐயும் தரும். சுழியம் அல்லாத எதையும் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும் தானியக்கக் கருவியில் இது சிவப்பு விளக்கை எரிய வைக்கவே, எரிச்சலடைந்த ஒருவர் எக்ஸிட் கோடையே புறக்கணிக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றியிருப்பார். அன்றுமுதல் ரெப்போவைத் தொடர்புகொள்ள முடியாத சர்வரும், எல்லாப் பேட்சுகளும் ஏறிய சர்வரும் அறிக்கையில் ஒன்றுபோலத் தோன்றும். உபுண்டு, டெபியனின் ஆப்ட்-கெட் அப்டேட் கட்டளையில் இன்னும் நுட்பமான ஆபத்து இருக்கிறது: சில பட்டியல் கோப்புகளைப் பதிவிறக்க முடியாதபோது, எச்சரிக்கை ஒன்றை எழுதிவிட்டு, பழைய பட்டியலோடு வெற்றி என்றே முடியக்கூடும். புதிய பதிப்புகளில் எரர்-ஆன் என்ற விருப்பத்துக்கு எனி என்ற மதிப்பைக் கொடுத்தால் அது பிழையாகவே பதிவாகும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தீர்வு ஒன்று உண்டு. பகுப்பாய்வின் விடை இரண்டாக இருக்கக் கூடாது, மூன்றாக இருக்க வேண்டும்: விடுபட்டவை உள்ளன, விடுபட்டவை இல்லை, தெரியவில்லை. கேட்டலாக் நீங்கள் வகுத்த வயதைக் கடந்திருந்தாலோ, தொடர்பு அறுந்திருந்தாலோ, கட்டளை எதிர்பாராத எக்ஸிட் கோடைத் தந்தாலோ, அந்தச் சர்வர் மூன்றாம் வகையில்தான் சேர வேண்டும். உங்களிடம் உள்ள மொத்தச் சர்வர்களின் பட்டியலையும் அறிக்கையில் வந்த சர்வர்களையும் ஒப்பிட்டு, அறிக்கையில் இடம்பெறாதவற்றையும் அதே வகையில் சேர்க்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்கவும் எளிய வழி இருக்கிறது. ஒரு சோதனைச் சர்வரில் வேண்டுமென்றே ஒரு பேக்கேஜைப் பழைய பதிப்பிலேயே நிறுத்தி வையுங்கள். எந்த இரவில் அந்தச் சர்வர் சுழியம் என்று சொல்கிறதோ, அந்த இரவின் முழு அறிக்கையையும் ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: பாதிப்புகளைத் தேடும் ஸ்கேனர், குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் பழைய பதிப்பு என்று எச்சரிக்கிறது. எங்கள் பகுப்பாய்வுப் பணியோ பேட்ச் ஏறிவிட்டது என்கிறது. யாரை நம்புவது?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே தத்தம் கோணத்தில் சரியாகத்தான் பேசுகின்றன. ரெட் ஹாட், டெபியன், சூசே போன்றவை பழைய பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் அதற்குள் கொண்டுவந்து சேர்க்கும் வழக்கம் உடையவை. 2014 ஏப்ரலில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் பாதிப்பான ஹார்ட்பிளீட் (அதன் பொது அடையாள எண் சிவிஇ-2014-0160) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூல நிரலில் அது 1.0.1ஜி பதிப்பில் சரிசெய்யப்பட்டது. ரெட் ஹாட் 6இலோ பதிப்பு 1.0.1ஈ என்றே தொடர்ந்தது. அதன் பின்னால் வரும் வெளியீட்டு எண் மட்டுமே மாறியது. பதிப்பின் முதல் பகுதியை மட்டும் பார்க்கும் ஸ்கேனருக்கு, திருத்தம் பெற்ற சர்வரும் பெறாத சர்வரும் ஒன்றே.

பேக்கேஜின் முழு வெளியீட்டு எண்ணை, வெளியீட்டாளரின் பாதுகாப்பு அறிவிப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆர்பிஎம் பேக்கேஜ்களைப் பயன்படுத்தும் ரெட் ஹாட், சூசே சர்வர்களில் பேக்கேஜின் மாற்றப் பதிவேட்டிலேயே சிவிஇ எண்ணைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஸ்கேனர் சொல்வதை எல்லாம் இந்தக் காரணத்தைக் காட்டித் தள்ளிவிடாதீர்கள். மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து /opt கோப்புறையில் வைக்கப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல், பேக்கேஜ் பட்டியலில் இருக்காது. உங்கள் பணி அதை ஒருபோதும் காணாது, ஸ்கேனர் காணும்.

கேள்வி: பகுப்பாய்வுக்கு ரூட் உரிமை (சர்வரின் முழு நிர்வாக உரிமை) கட்டாயமா? எந்த நேரத்தில் ஓட்டுவது நல்லது?

பதில்: நிறுவப்பட்ட பேக்கேஜ்களைப் பட்டியலிட ரூட் தேவையில்லை. ரெப்போவுக்கான சான்றிதழ் சாவியை ரூட் மட்டுமே படிக்க முடியும் என்பது போன்ற அமைப்புகளில் சுடோ (ரூட்டாக ஓட்டும் அனுமதி) தேவைப்படும். அப்போதும் டிஎன்எஃப் கட்டளையைப் பொதுவாகத் திறந்துவிடாமல், எந்த விருப்பங்களோடு ஓடலாம் என்பதையும் சேர்த்தே வரையறுங்கள், ஏனெனில் எந்தப் பேக்கேஜையும் நிறுவும் உரிமை முழு ரூட் உரிமைக்குச் சமம்.

நேரத்தைவிட வரிசையே முக்கியம். கேட்டலாக் புதுப்பிப்பு 2 மணிக்கு, பகுப்பாய்வு 3 மணிக்கு என்று க்ரானில் (நேரம் குறித்துப் பணிகளை ஓட்டும் கருவியில்) தனித்தனியாகக் குறித்தால், முதலாவது தாமதமாகும் நாளில் இரண்டாவது பழையதை வைத்து ஓடும். முதலாவது வெற்றியாக முடிந்தால் மட்டுமே இரண்டாவது தொடங்குமாறு இணைத்துவிடுங்கள். எல்லாச் சர்வர்களும் ஒரே நொடியில் மிரரை மொய்க்காமலிருக்க, சிஸ்டம்டி டைமரின் ரேண்டமைஸ்ட்-டிலே அமைப்பு உதவும்.

கேள்வி: பேட்ச் ஏற்றிய மறுநாள் பகுப்பாய்வு பச்சை என்கிறது. ஆனாலும் சர்வர் இன்னும் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருக்கலாம் என்று எங்கள் பாதுகாப்புக் குழு சொல்கிறது. உண்மையா?

பதில்: உண்மைதான். பேக்கேஜ் பட்டியல் வட்டில் இருப்பதைச் சொல்கிறது. நினைவகத்தில் ஓடுவதைச் சொல்வதில்லை. புதிய கெர்னல் நிறுவப்பட்டாலும், ரீபூட் செய்யும்வரை பழைய கெர்னலே ஓடும். அதுபோலவே, பேட்ச் ஏறுவதற்கு முன் தொடங்கிய வலைச் சேவை, நீக்கப்பட்ட பழைய லைப்ரரியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இதற்காகப் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. ரெட் ஹாட் வகைச் சர்வர்களில் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் கட்டளையை ஆர் விருப்பத்தோடு ஓட்டினால், ரீபூட் தேவைப்படும்போது எக்ஸிட் கோடு 1 வரும். எஸ் விருப்பத்தோடு ஓட்டினால் மறுதொடக்கம் வேண்டிய சேவைகள் தெரியும். உபுண்டுவில் ரன் கோப்புறையில் ரீபூட்-ரெக்வயர்ட் என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சேவைகளுக்கு நீட்ரீஸ்டார்ட் கருவி உண்டு. இந்த விடைகளை அதே இரவுப் பணியில் எடுத்து, 'நிறுவப்பட்டது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்ற தனி நெடுவரிசையில் எழுதுங்கள். ரீபூட்டுக்கு அனுமதி தர வேண்டிய பொறுப்பாளருக்கு அந்த நெடுவரிசையை மட்டும் தனியாக அனுப்பினால், எத்தனை நாளாக ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணோடு அனுப்பினால், முடிவு விரைவாகக் கிடைக்கும்.