நேராக வைத்த படலத்தில் நீல் ஸ்கிர்மியான் தெரியாது

வணக்கம். காந்த விசை நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்த ஸ்கிர்மியான்கள் (காந்தப் பொருளில் உருவாகும் சுழல் போன்ற நுண்ணிய காந்த அமைப்புகள்), அதே பிளாட்டினம்–கோபால்ட் பல்லடுக்குப் படலத்தை லோரன்ட்ஸ் முறையில் (எலக்ட்ரான் கற்றை காந்தப்புலத்தால் விலகுவதைக் கொண்டு படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி முறை) குவியம் விலக்கிப் பார்த்தபோது அடியோடு காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படலத்தின் மேல் பழிபோட வேண்டாம். இத்தகைய படலங்களில் உருவாகுபவை பெரும்பாலும் நீல் வகை. அவற்றின் சுவர்களில் தற்சுழற்சிகள் (அணுக்களின் நுண்காந்தத் திசைகள்) ஆரத்தின் வழியே திரும்புவதால், காந்தமாக்கத்தின் கர்லுக்கு (அது சுழலும் தன்மையின் அளவு) எலக்ட்ரான் கற்றைத் திசையில் கூறே இல்லாமல் போகிறது, ஆகவே எலக்ட்ரான்கள் செங்குத்தாக விழும்போது படத்தில் எந்த வேறுபாடும் பிறப்பதில்லை. மாதிரியை 20 முதல் 30 டிகிரி வரை சாய்த்து, குவியத்தைச் சில மில்லிமீட்டர் விலக்கிப் பாருங்கள்: ஒவ்வொன்றும் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி கறுத்தும் தெரியும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் இவ்விரண்டும் இடம் மாற வேண்டும். மாறாதவை படிகமணிகளின் (படலத்திலுள்ள நுண்படிகத் துகள்களின்) வேறுபாடுதான், அதில் ஏமாறுவது எளிது. நுண்ணோக்கியின் பொருளருகு வில்லை (மாதிரியை ஒட்டியுள்ள காந்த வில்லை) அணைந்திருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். வழக்கமான இயக்கத்தில் அதன் ஏறத்தாழ 2 டெஸ்லா புலம் ஸ்கிர்மியான்களை முற்றிலும் அழித்துவிடும்.