புதுப் பையன் எந்தப் பழைய ஆட்டக்காரர் மாதிரி? என்பிஏ டிராஃப்ட் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்) டீம்கள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதானே டிராஃப்ட், அதற்காகத் திறமை பார்க்கும் ஸ்கவுட்டுகள் எழுதும் ரிப்போர்ட்டில் "இன்னாரைப் போல ஆடுவார்" என்று ஒரு பெயர் போடுகிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்?

அந்தப் பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் பையன் களத்தில் என்ன செய்கிறான் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். 2006-ல் கொன்சாகா காலேஜின் ஆடம் மாரிசனைப் பழைய என்பிஏ ஜாம்பவான் லாரி பேர்டோடு ஒப்பிட்டவர்கள் ஏராளம். உயரமான வெள்ளைக்காரப் பையன், நீள முடி, மீசை, எங்கிருந்து போட்டாலும் பந்து உள்ளே போகும், வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் பேர்டை பேர்டாக்கியது ஷூட்டிங் மட்டுமா? என்பிஏ-வில் மேட்ச்சுக்கு 10 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 6 அசிஸ்ட் (மற்றவர் பாயிண்ட் எடுக்கப் பந்து கொடுப்பது) எடுத்தவர் அவர், அந்த இரண்டுமே மாரிசனிடம் காலேஜிலேயே இல்லை. சார்லட் டீம் மாரிசனை டிராஃப்டில் 3-வது ஆளாக எடுத்தது, முதல் சீசனில் அவர் போட்ட ஷாட்டில் 38% கூட உள்ளே போகவில்லை. தோற்றத்தை வைத்துப் போடும் ஒப்பீடு எனக்கு அறவே பிடிக்காது.

கேள்வி: ஒரே காலேஜ், ஒரே பொசிஷன் என்றால்?

அதுவும் உதவாது. 2013-ன் முதல் ஆள் அந்தோனி பென்னட்டைப் பழைய நட்சத்திரம் லாரி ஜான்சனோடு சேர்த்துப் பேசினார்கள், இருவருமே யுஎன்எல்வி காலேஜ், இருவருமே கட்டுமஸ்தான பவர் ஃபார்வர்டு. பென்னட் நான்கு சீசனில் காணாமல் போனார்.

கேள்வி: பிற்காலத்தில் பெரிய நட்சத்திரமான ஸ்டெஃப் கறியைப் பற்றி ரிப்போர்ட் தப்பாக எழுதியது என்கிறார்களே, ஸ்கவுட்டுகளுக்குக் கண் இல்லையா?

கண் இருந்தது சார். துள்ளல் குறைவு, ஷூட்டிங் கார்டுக்கு உயரம் பத்தாது, டிஃபென்ஸில் திணறுவார் என்றெல்லாம் 2009-ல் எழுதினார்கள், உடம்பைப் பற்றிய வரை அது பெரும்பாலும் சரியான கவனிப்புதான். கோட்டை விட்டது எதற்கு எவ்வளவு எடை போடுவது என்பதில். டேவிட்சன் காலேஜில் கடைசி வருஷம் அவர் பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துபவர்) மாறினார், மேட்ச்சுக்கு 28.6 பாயிண்ட் எடுத்து அமெரிக்கக் காலேஜ் அளவில் முதலிடம், கூடவே 5.6 அசிஸ்ட், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் ஷாட்) 87%-க்கு மேல். எதிரணி முழுக்க அவர் ஒருவரையே குறிவைத்து ஆடும்போது வந்த எண்கள் இவை. அப்படியிருந்தும் டீமை நடத்தும் வேலைக்கு இவரை நம்பாதீர்கள் என்று எழுதினார்கள், மினசோட்டா டீம் 5-வது, 6-வது வாய்ப்பில் இரண்டு பாயிண்ட் கார்டுகளை எடுத்தது, இரண்டிலும் கறி இல்லை. கோல்டன் ஸ்டேட் 7-ல் எடுத்தது.

கேள்வி: ஷூட்டிங் இல்லாத பையனுக்கு அது பிற்காலத்தில் வருமா என்று எப்படிக் கணிப்பது?

ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். காலேஜ் த்ரீ பாயிண்ட் (தூரத்திலிருந்து போடும் ஷாட்) கணக்கு கொஞ்ச ஷாட்டுகளை வைத்து வருவது, ஒரு நல்ல மாதம் அமைந்தால் அது ஏறிவிடும். ஃப்ரீ த்ரோவில் யாரும் மறிக்க மாட்டார்கள், கையின் பழக்கம் அப்படியே தெரியும். பிற்காலத்தில் நட்சத்திரமான கவாய் லெனார்ட் சான் டியாகோ ஸ்டேட் காலேஜில் த்ரீயில் 30%-ஐத் தொடவே இல்லை, ஆனால் ஃப்ரீ த்ரோ 70%-க்கு மேல் இருந்தது. பெரிய கை, நீளக் கைவிரிப்பு, ரீபவுண்ட் எல்லாம் ரிப்போர்ட்டிலேயே இருந்தன. 2011-ல் 15-வது ஆளாகப் போனார், அன்று இரவே சான் அன்டோனியோ ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து இவரை வாங்கியது. அங்கே ஷூட்டிங் கோச் சிப் எங்கெலண்ட் பந்தை விடும் விதத்தைத் திருத்தினார், முதல் சீசனிலேயே த்ரீ 37%-க்கு மேல் போனது.

அதற்காக ஷூட் செய்யத் தெரியாத ஒவ்வொரு நீளக்கைப் பையனையும் "அடுத்த கவாய்" என்று எழுதாதீர்கள். எந்த டீம் எடுக்கிறது, அங்கே யார் சொல்லித் தருகிறார்கள் என்பதும் கணக்கில் வரும், அது எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது.

கேள்வி: 2025 டிராஃப்டின் முதல் ஆள் கூப்பர் ஃப்ளாகை நீங்கள் யாரோடு ஒப்பிடுவீர்கள்?

டிஃபென்ஸில் பழைய யூட்டா ஆட்டக்காரர் ஆண்ட்ரே கிரிலென்கோ. உதவிக்கு ஓடி வந்து பிளாக் செய்யும் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடும்) அந்த நேரக்கணிப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துவதில் கிரிலென்கோ பொருந்த மாட்டார். ட்யூக் காலேஜில் ஃப்ளாக் பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் ஐந்திலும் டீமில் முதல் ஆளாக இருந்தார், அப்போது வயது 18. டிஃபென்ஸுக்கு ஒருவர், அஃபென்ஸுக்கு வேறொருவர் என்று பிரித்துத்தான் எழுத வேண்டும், ஒரே பெயரில் அடக்கினால் ஏதோ ஒன்று விட்டுப்போகும்.

கேள்வி: அப்போ பிரான்ஸின் உயரமான பையன் வெம்பன்யாமா?

கைவிரிப்பு மட்டுமே 8 அடி, கூடவே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே வந்து த்ரீ போடுகிறார். முழு ஆளாக ஒப்பிட யாருமே இல்லை. பிளாக்குக்கு வேண்டுமானால் அதில் பெயர்பெற்ற ருடி கோபேர் என்று எழுதலாம், மற்ற கட்டத்தை எல்லாம் காலியாக விட்டுவிடுங்கள்.