பழைய கட்டடம் என்றால் படியில் தூக்கித்தான் செல்ல வேண்டுமா?

கேள்வி: போலியோ பாதிப்பால் சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலியில் இருக்கிறேன். தம்பிக்கு ஒரு விடுதலைப் பத்திரம் (சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகம் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். வாசலில் ஆறு படிகள், சாய்தளம் கிடையாது. கேட்டால், "பழைய கட்டடத்துக்குப் புதுச் சட்டம் பொருந்தாது, நாலு பேரை விட்டுத் தூக்கி வரச் சொல்லுங்கள்" என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. சட்டம் பழைய கட்டடங்களைப் பெயர் சொல்லியே பிடித்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 45-இன்படி, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றுத்திறனாளிகள் வந்து போகும்படி மாற்றியமைக்க வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில்; கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. வாடகைக் கட்டடம் என்றும் நழுவ முடியாது. மக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும் இச்சட்டத்தில் பொதுக் கட்டடமே.

உங்களுக்குச் சொல்லப்பட்ட பதில் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் "பொருளாதார வசதிக்கு உட்பட்டு" சாய்தளம் அமைத்தால் போதும் என்றது. அந்தச் சட்டம் போய்விட்டது. அலுவலகங்களில் அதன் பழக்கம் மட்டும் போகவில்லை.

இன்னொரு சாக்கும் வரக்கூடும்: "உச்ச நீதிமன்றமே விதியை ரத்து செய்துவிட்டதே!" ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று ரத்தானது அந்த 2017 விதிகளில் 15(1)-ஆம் விதி மட்டுமே. ஏன் ரத்தானது? அணுகல் தரங்களை, அதாவது மாற்றுத்திறனாளிகள் வந்து போகக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோல்களை, வெறும் பரிந்துரையாக வைத்திருந்ததால். கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். பிரிவு 45-ஐ யாரும் தொடவில்லை.

முதலில் உங்கள் பத்திரம். பதிவுச் சட்டம், 1908, பிரிவு 38-இன்படி, உடல்நிலை காரணமாக ஆபத்தோ பெரும் சிரமமோ இல்லாமல் அலுவலகம் வர முடியாதவரின் வீட்டுக்குப் பதிவு அலுவலரே வர வேண்டும், அல்லது தன் சார்பில் ஒருவரை நியமித்து அனுப்பி (இதற்குச் சட்டத்தில் 'ஆணையம்' என்று பெயர்) விசாரிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலோடு எழுத்தில் விண்ணப்பித்து ஒப்புகை பெறுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

வீட்டுக்கு வந்து பதிந்துவிட்டார்கள் என்பதற்காகச் சாய்தளக் கோரிக்கையைக் கைவிடாதீர்கள். அது வேறு உரிமை. வில்லங்கச் சான்று கேட்க நாளை நீங்கள் போனாலும் அதே ஆறு படிதான் நிற்கும்.

புகாரில் அளவைக் குறிப்பிடுங்கள். படிக்கு 15 செ.மீ. என்று வைத்தால் மொத்த உயரம் 90 செ.மீ.; அரசு வழிகாட்டி நெறிகள் சொல்லும் 1:12 சரிவுக்கு (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) ஏறக்குறைய 11 மீட்டர் நீளம் வேண்டும். இடம் போதாவிட்டால் நடுவே சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். இதைக் கேட்காவிட்டால், படியின் மேல் இரண்டு மூட்டை சிமெண்டைக் கொட்டிச் சரித்துவிட்டு "சாய்தளம் அமைக்கப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார்கள். பைக்கை ஏற்றவே பயமாக இருக்கும் அப்படிப்பட்ட சரிவுகளை எத்தனையோ அரசு வாசல்களில் பார்க்கலாம். இரு பக்கக் கைப்பிடியையும் சேர்த்துக் கேளுங்கள்.

புகாரை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள். நகல் மாவட்டப் பதிவாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் போகட்டும். ஆணையருக்கு விசாரணையில் உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால், சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

கூடவே, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பிரிவு 45(2)-இன்படி கட்டடங்களை அணுகத்தக்கதாக்க அரசு வெளியிட வேண்டிய செயல்திட்டத்தில் இந்த அலுவலகம் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "அப்படி ஆவணம் ஏதும் இல்லை" என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு போட நேர்ந்தால் அதுவே நல்ல சான்று. வழக்கறிஞர் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.