மொய் நோட்டில் யார் பெயர்?

கேள்வி: பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறேன். தங்கை சென்னையில் நர்ஸ். ஆறு வருடமாக நாகர்கோவில் பெண் ஒருத்தியோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறாள். அம்மாவும் நானும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். அந்தப் பெண்ணை அவள் வீட்டில் ஒதுக்கிவிட்டார்கள். போன வருடம் எங்கள் புதுவீட்டு விசேஷத்துக்கு வந்து 10,001 ரூபாய் மொய் வைத்தாள். வீண் பேச்சு வேண்டாமென்று தங்கை பெயரிலேயே எழுதச் சொல்லிவிட்டேன். வருகிற வைகாசியில் என் மகளுக்குக் காதணி விழா. இந்த முறை ஜோடியாகத்தான் வருவோம் என்கிறாள் தங்கை. மச்சினன் முகத்தில் எப்படி முழிப்பது? ஊருக்கு என்ன சொல்வது? எங்கே தங்க வைப்பது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: தம்பி, ஊர் என்ன பேசும் என்பதற்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மொய்யை இரண்டு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த இரண்டு வரிதான் உறுத்துகிறது.

பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டீர்கள். பெயரை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டீர்கள். ராமநாதபுரம் சீமைக்காரருக்கு மொய் என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டுமா? 101 ரூபாய் வைத்தவரிடம்கூட ஊர், இனிஷியல், பட்டப்பெயர் எல்லாம் கேட்டு எழுதுவது எதற்கு? நாளைக்குத் திருப்பிச் செய்வதற்கு. நோட்டில் பெயர் இல்லாதவருக்கு முறை செய்ய வேண்டியதில்லை. அப்படியென்றால் வாங்கிய கடனை வாங்கவே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதுவும் யாருடைய கடன்? பிறந்த வீடு ஒதுக்கிய பெண். சபையில் எழுந்து நின்று அவளுக்காகப் பேச அண்ணன் தம்பி யாரும் வராத பெண். ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

முதலில் அந்த நோட்டை எடுங்கள். வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுதுங்கள்: சென்னை, தங்கை பெயர், அந்தப் பெண்ணின் பெயர், இரண்டும் ஒரே வரியில். கல்யாணமான ஜோடிக்கு அப்படித்தானே எழுதுகிறீர்கள்? காதணிக்குக் கம்ப்யூட்டர் மொய் என்றால் அந்த வரியை முன்னாடியே கொடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் டைப் அடிக்கிற பையன் “வீட்டுக்காரர் பேரு?” என்று கூட்டத்துக்கு நடுவே கேட்பான், இருவரும் விழிப்பார்கள். திருப்பிச் செய்ய அவளுக்கு வீட்டு விசேஷம் ஏது என்று சாக்குச் சொல்லாதீர்கள். அவர்கள் வீடு மாறிப் பால் காய்ச்சும் அன்று, மனைவியோடு போய்க் கொஞ்சம் கூடச் சேர்த்தே வையுங்கள்.

இனி அறிமுகம். “தங்கச்சியோட ஃப்ரெண்டு” என்று சொல்லவே கூடாது. சொன்னால் இரண்டாவது பந்தி எழுவதற்குள் ஒரு பெரியம்மா அவளுக்கு வரன் கொண்டுவந்துவிடுவார். இன்னொருவர் சம்பளம் கேட்பார், சாதி கேட்பார். நீங்கள் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்க வேண்டியிருக்கும். “இவங்க ரெண்டு பேரும் சென்னையில ஒண்ணா குடும்பம் நடத்துறாங்க.” அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கப் போனால், கேட்கிறவர் தன்னிடம் தீர்ப்புக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

மச்சினனிடம் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மடியில் உட்கார வைத்துக் காது குத்தும் தாய்மாமன் அவர். சீர்த் தட்டோடு வந்து இறங்கிய பிறகு தெரிந்தால், “என்னிடம் மறைத்துவிட்டான்” என்ற கோபமும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் எது எதற்கான கோபம் என்று பிரிக்கவே முடியாது. போனில் வேண்டாம். நேரில், அவருடைய அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சம்மதம் கேட்கப் போகாதீர்கள், தகவல் சொல்லப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகு கரையில், ஆட்களும் கரையில், பேச நேரம் ஏராளம். அதனால் சித்திரை பாதிக்குள் நெருங்கிய சொந்தம் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிடுங்கள். பேசுவதை விழாவுக்கு முன்பே பேசித் தீர்க்கட்டும்.

யாராவது சட்டம் பேசினால், 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் இது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. “டாக்டர்கிட்ட காட்டினா மாறிடும்” என்பவரிடம், அப்படி மாற்ற முயல்கிற டாக்டர்தான் தொழில் ஒழுக்கம் தவறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்ததைச் சொல்லுங்கள். ஆனால் கல்யாணத்தைப் பதிவு செய்ய இன்றைக்கும் வழியில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு அதை நாடாளுமன்றம், சட்டமன்றங்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. கல்யாணம் மட்டும்தான் குடும்பம் அமைக்கும் வழியா என்ன என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது ஆறுதல்தான். ஆனால் அதை வைத்துச் சொத்து கைமாறாது.

உங்கள் கடமை இங்கேதான் இருக்கிறது. ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம், தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் நாமினி பணத்தை வாங்கலாமே தவிர வாரிசாகிவிட மாட்டார். கல்யாணமாகாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்தது பெற்றோருக்கு. அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கு. அதாவது உங்களுக்கு. ஆறு வருடம் கூட இருந்தவளுக்குச் சல்லிக்காசு வராது. எனவே இருவரையும் ஆளுக்கொரு உயில் எழுதச் சொல்லுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாகப் போட்டால் பின்னால் வழக்குப் போடுகிறவருக்கு வாய்ப்பாகிவிடும். தங்கை உயிலில் முதல் சாட்சிக் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். நாளைக்கு வழக்குப் போடக்கூடிய ஆளே நீங்கள்தானே.

தங்க வைப்பதைக் கேட்டீர்கள். உங்கள் புது வீட்டில் ஒரு அறை, இருவருக்கும் சேர்த்து. லாட்ஜ் வேண்டாம்.