ராஸ்பெரி பையில ஈமேக்ஸ் கம்பைல் பண்றீங்களா? ப்ராசஸர் என்ன எண்டு கெர்னலிட்ட கேட்காதீங்கோ

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ராஸ்பெரி பை 4 எண்ட குட்டிக் கொம்பியூட்டர், 2 ஜிபி ரேம், அதில ஈமேக்ஸ் எண்ட டெக்ஸ்ட் எடிட்டரை சோர்ஸ் கோட்டில இருந்து கம்பைல் பண்ண, அதாவது மெஷின் ஓட்டக்கூடிய ப்ரோக்ராமா மாத்தப் பார்த்திருக்கிறார். கெர்னலிட்ட (ஓஎஸ்ஸின்ட அடிப்பகுதி) மெஷின் என்ன எண்டு கேட்கிற யூநேம் மைனஸ் எம் கட்டளையை அடிச்சா ஏஆர்ச்64 (64 பிட் ஆர்ம் ப்ராசஸர்) எண்டு வருதாம், அப்ப இது 64 பிட் தானே எண்டு எங்கயோ கண்ட ஒரு வழிகாட்டியில இருந்து சீஃப்ளேக்ஸ் (கம்பைலருக்குக் குடுக்கிற ஒப்ஷன்கள்) வரியை அப்பிடியே கொப்பி பண்ணிப் போட்டிருக்கிறார், அதுக்குள்ள மைனஸ் எம்64 இருந்திருக்கு. கம்பைலுக்கு முதல் மெஷினைச் சோதிக்கிற கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஆரம்பத்திலேயே நிண்டிட்டுது, 'சி கம்பைலர் கெனொட் க்ரியேட் எக்ஸிகியூட்டபிள்ஸ்' எண்டு. கம்பைலர் பழுதோ, எஸ்டி கார்டை அழிச்சுப்போட்டு முழுக்கத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணவோ எண்டதுதான் கேள்வி.

ஒண்டும் அழிக்காதீங்கோ தம்பி, கம்பைலர் நல்லாத்தான் இருக்கு. அந்த எரரைப் பார்த்தா எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும், ஆனா அது சொல்றது இவ்வளவுதான்: ஒரு குட்டி ப்ரோக்ராமை கம்பைல் பண்ணிப் பார்த்தன், வரேல்ல. ஏன் வரேல்ல எண்டது அதே ஃபோல்டரில இருக்கிற கன்ஃபிக் டாட் லொக் எண்ட ஃபைலுக்குள்ள கிடக்கு. அதைத் திறந்து கடைசிக்குப் போகாதீங்கோ, கடைசியில நூற்றுக்கணக்கான வரி வேரியபிள் லிஸ்ட்தான், நடுவில 'அன்ரெக்கக்னைஸ்ட்' எண்டு தேடுங்கோ. மைனஸ் எம்64 எண்ட ஒப்ஷனை எனக்குத் தெரியாது எண்டு ஜிசிசி (அந்த சி கம்பைலர்) சொல்லி இருக்கும். அது இன்டெல், ஏஎம்டி மாதிரி ஆக்களுக்கு உரிய சுவிட்ச். அங்க ஒரே கம்பைலர் 32க்கும் 64க்கும் கோட் எழுதும், அதால எது வேணும் எண்டு சொல்ல ஒரு சுவிட்ச் வேணும். ஆர்ம் பக்கம் (பை இந்த வகை) 32க்கு ஒரு கம்பைலர், 64க்கு வேற கம்பைலர், ரெண்டுக்கும் அந்த சுவிட்ச் கிடையாது. எடுத்து விடுங்கோ, கன்ஃபிகர் அந்த இடத்தைத் தாண்டிப் போகும்.

ஆனா பதிலை இதோட முடிச்சா நாளைக்குத் திரும்ப வந்து நிப்பீங்க, ஏனெண்டா உங்கட பை 64 பிட் எண்டு நீங்க நம்பினதே சந்தேகம். டெர்மினலில ஜிசிசி, ஒரு ஸ்பேஸ், மைனஸ் டம்ப்மெஷின் எண்டு அடிச்சுப் பாருங்கோ. ஏஆர்ச்64 எண்டு தொடங்கினா சரி. ஆர்ம்-லினக்ஸ்-க்னூஈஏபிஐஎச்எஃப் எண்டு வந்தா நீங்க போட்டிருக்கிறது 32 பிட் ஓஎஸ். 2023ல இருந்து ராஸ்பெரி பையின்ட 32 பிட் ஓஎஸ்ஸும் பை 4ல 64 பிட் கெர்னலோடதான் பூட் ஆகுது. கெர்னல் 64, மேல இருக்கிற லைப்ரரி, கம்பைலர் எல்லாம் 32. யூநேம் கெர்னலைப் பற்றித்தான் சொல்லும், மேல என்ன இருக்கு எண்டது அதுக்குத் தெரியாது. காலி வீதியில 100ம் நம்பர் பஸ்ஸைக் கண்டு பாணந்துறை போகும் எண்டு ஏறி இருப்பீங்க, கொண்டக்டர் வந்து இது தெகிவளையோட நிக்கும் எண்டுவார். போர்டு பொய்யில்லை, ஆனா எங்க இறங்கோணும் எண்டதை கொண்டக்டரிட்டத்தான் கேட்கோணும். இங்க கொண்டக்டர் ஜிசிசி.

கன்ஃபிகருக்குள்ள கன்ஃபிக் டாட் கெஸ் எண்டு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, மெஷின் என்ன எண்டு ஊகிக்கிறது அதின்ட வேலை. புதுசு எண்டா கம்பைலரையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும், பழைய சோர்ஸோட வந்தது யூநேம் சொல்றதை அப்பிடியே நம்பிடும், இன்னும் பழசு எண்டா ஏஆர்ச்64 எண்ட பேரையே தெரியாம 'கெனொட் கெஸ் பில்ட் டைப்' எண்டு கையை விரிச்சிடும். மருந்து ஒண்டுதான். ஜிசிசி டம்ப்மெஷின் என்ன சொல்லிச்சோ அதை எழுத்து மாறாம எடுத்து கன்ஃபிகருக்கு ரெண்டு கோடு போட்டு பில்ட், ஈக்குவல், அந்தப் பேர் எண்டு குடுங்கோ.

ஹோஸ்ட் எண்ட ஒப்ஷனைத் தொடாதீங்கோ. பேரைப் பார்த்தா 'என்ட மெஷின்' மாதிரித்தான் இருக்கும், கனபேர் அதில விழுந்திருக்கிறாங்க. பில்ட் எண்டா கம்பைல் பண்ற மெஷின், ஹோஸ்ட் எண்டா ப்ரோக்ராம் ஓடப்போற மெஷின், டார்கெட் எண்டது கம்பைலர் மாதிரி சாமான் செய்யிற ஆக்களுக்கு மட்டும். ஹோஸ்டை மட்டும் வேற பேரில குடுத்தா, ஓ இவர் வேற மெஷினுக்கு சமைக்கிறார் எண்டு கன்ஃபிகர் க்ரொஸ் கம்பைல் பக்கம் திரும்பிடும். ஈமேக்ஸுக்கு அது ஒத்துவராது. சி கோட்டை கம்பைல் பண்ணினவுடன டிமேக்ஸ் எண்டு ஒரு அரைகுறை ஈமேக்ஸ் வரும், அதை அங்கயே ஓட்டித்தான் லிஸ்ப் (ஈமேக்ஸின்ட பெரும்பகுதி எழுதின மொழி) ஃபைல்களை எல்லாம் லோட் பண்ணி மிச்ச ஈமேக்ஸை செய்யிறது. லேப்டொப்பில செஞ்ச ஆர்ம் டிமேக்ஸ் லேப்டொப்பில ஓடாதே. அதால பையுக்கு வேணும் எண்டா பையிலதான் கம்பைல் பண்ணுங்கோ, நேரம் எடுக்கும், பரவாயில்லை.

இடையில ஒண்டு: பழைய வழிகாட்டிகளில சோர்ஸ் கோட்டில எம் எண்ட ஃபோல்டருக்குள்ள உங்கட ப்ராசஸருக்கான ஹெடர் ஃபைலைத் திருத்துங்கோ எண்டு இருக்கும். அது ஈமேக்ஸ் 24 வரிசையோட போன கதை, அதுக்கு முதல் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஃபைல் வச்சிருந்தாங்க. ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோக்ராமின்ட மெமரியை அப்பிடியே எக்ஸிகியூட்டபிளா எழுதுற பழைய வித்தைக்கும் 2020ல வந்த ஈமேக்ஸ் 27ல போர்ட்டபிள் டம்பர் எண்டு மாற்று வந்திட்டுது. எம் ஃபோல்டரைத் தேடச் சொல்ற பக்கத்தைக் கண்டா மூடிட்டு வாங்கோ.

இனி சீஃப்ளேக்ஸ். பை 4ல இருக்கிறது கோர்டெக்ஸ்-ஏ72, பை 5 எண்டா ஏ76, பை 3 எண்டா ஏ53. அந்த ப்ராசஸருக்கே ஏத்தமாதிரி கோட் வர மைனஸ் எம்சிபியு ஈக்குவல் கோர்டெக்ஸ்-ஏ72 எண்டு போடலாம், சரி. ஆனா சீஃப்ளேக்ஸை நீங்க எழுதினா கன்ஃபிகர் தானா போடுறதை விட்டிடும், அதாவது மைனஸ் ஓ2 (வேகமான கோட் எழுதச் சொல்ற ஒப்ஷன்) போயிடும், நீங்க வேகம் கூட்டப் போய் ஒப்டிமைஸே பண்ணாத ஈமேக்ஸ் ஒண்டு கையில வந்து நிக்கும், ஸ்க்ரோல் பண்ணவே இழுக்கும், பிறகு பை சரியில்லை எண்டு ஏசுவீங்க. எழுதுறதெண்டா மைனஸ் ஓ2, மைனஸ் ஜியையும் (பிழை தேட உதவுற தகவல்) சேர்த்து எழுதுங்கோ.

எம்சிபியுவுக்கு நேட்டிவ் (இந்த மெஷினுக்கே ஏத்தமாதிரி) எண்டு போட்டாலும் வேலை செய்யும், ஆனா அந்த மெஷினோடயே இருக்கட்டும். நான் ஒருக்கா வேலை செய்யிற இடத்துப் புது கொம்பியூட்டரில மைனஸ் எம்ஆர்ச் ஈக்குவல் நேட்டிவ் போட்டு பில்ட் பண்ணி அதை பென்ட்ரைவில வீட்டை கொண்டுவந்து பழைய லேப்டொப்பில ஓட்டினன். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' எண்டு ஒரே ஒரு வரி, செத்துப்போச்சு. பழைய ப்ராசஸருக்குத் தெரியாத இன்ஸ்ட்ரக்‌ஷன் உள்ள போயிருக்கு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரேம் பழுது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்.

உண்மையைச் சொன்னா எம்சிபியுவால ஈமேக்ஸில பெரிசா வித்தியாசம் தெரியாது. தெரியிறது நேட்டிவ் கம்பைலேஷன் (லிஸ்ப்பை ப்ராசஸரின்ட சொந்தக் கோட்டா மாத்திறது), 2022ல ஈமேக்ஸ் 28ஓட வந்தது, 2025ல வந்த 30ல தானாவே ஓன். அதுக்கு லிப்ஜிசிசிஜிட் டெவ் பெக்கேஜ் வேணும், உங்கட ஜிசிசி 12 எண்டா அதுவும் 12 ஆ இருக்கோணும். எல்லா லிஸ்ப்பையும் முன்கூட்டியே கம்பைல் பண்ற ஏஓடி ஒப்ஷனை 2 ஜிபி பையில போடாதீங்கோ, முடிய விடிஞ்சிடும். அதில வாற ஈஎல்என் ஃபைல்கள் அந்த ப்ராசஸருக்கு மட்டும்தான், ஈஎல்சி (வழமையா கம்பைல் பண்ணின லிஸ்ப் ஃபைல்) எண்டா எங்கயும் கொப்பி பண்ணலாம்.

மேக் (கம்பைலை ஓட்டுற கட்டளை) பண்ணேக்க மைனஸ் ஜே4 (ஒரே நேரத்தில நாலு வேலை) வேண்டாம், ஜே2 போதும். நடுவில 'கில்ட்' எண்டு நிண்டா ரேம் முடிஞ்சிட்டுது எண்டு அர்த்தம், ஸ்வொப்பை (ரேமுக்குப் பதிலா கார்டில ஒதுக்கிற இடம்) கூட்டுங்கோ. கொழும்பு வெக்கையில ஃபேன் இல்லாத பை 80 டிகிரியைத் தொட்டிடும், தொட்டா தானா வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைஞ்சதா எண்டு பார்க்க விசிஜென்சிஎம்டி, ஒரு ஸ்பேஸ், கெட் அண்டர்ஸ்கோர் த்ரொட்டில்ட் எண்டு அடிச்சு 0எக்ஸ்0 வந்தா நிம்மதியா இருங்கோ, வேற ஏதும் வந்தா சூடோ சார்ஜரோ எண்டு பாருங்கோ, ஃபோன் சார்ஜரைக் குத்தி இருந்தா அனேகமா அதுதான்.

கடைசியா 32ஆ 64ஆ எண்டு கேட்டா, ஈமேக்ஸுக்காக மட்டும் எஸ்டி கார்டை மாத்தத் தேவையில்லை. 32 பிட்டில 512 எம்பிக்கு மேல ஒரு ஃபைலைத் திறக்க ஏலாது, அவ்வளவு பெரிய லொக் பார்க்கிற ஆள் எண்டா கன்ஃபிகருக்கு ரெண்டு கோடு வித்-வைட்-இன்ட் (பெரிய எண்களைப் பாவிக்கச் சொல்றது) போடலாம், கொஞ்சம் மெதுவாகும். இன்னொரு கார்ட் கையில இருந்தா நான் 64 பிட் ஓஎஸ்ஸைத்தான் போடுவன், ஆனா இருக்கிறதை அழிக்காம.

கன்ஃபிகர் முடிஞ்சவுடன 'கன்ஃபிகர்ட் ஃபோர்' எண்டு ஒரு வரி வரும், அதில இருக்கிற பேரும் டம்ப்மெஷின் சொன்ன பேரும் ஒரே ப்ராசஸரைச் சொல்லுதா எண்டு பார்த்திட்டு மேக் குடுங்கோ. இன்ஸ்டோல் பண்ண முதல் எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஈமேக்ஸை மைனஸ் பெரிய க்யூவோட (உங்கட செட்டிங்ஸ் ஒண்டும் இல்லாம) ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ. திரும்பவும் எரர் வந்தா ஃபோனில ஸ்க்ரீனைப் படம் எடுத்து அனுப்பாதீங்கோ தம்பி, கன்ஃபிக் டாட் லொக்கில முதல் எரர் வாற இடத்தில மேல பத்து வரி, கீழ பத்து வரி, அதை டெக்ஸ்டா அனுப்புங்கோ.