பில் வால்ஷ்: வியாழக்கிழமையே எடுத்த முடிவுகள்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் வசிக்கிறோம். என் மகன் பள்ளி அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான். பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான். ஆனால் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் யார் எங்கே நின்றார்கள், எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று நோட்டில் படம் வரைகிறான். கோச் ஆகப் போகிறேன் என்கிறான். பெரிய ஆட்டக்காரனாக வராதவன் கோச் ஆக முடியுமா?

அவன் அடிக்கடி சொல்லும் பெயர் பில் வால்ஷ். தேடிப் படித்தேன். 47 வயதில்தான் தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருக்கிறார். முதல் வருடம் 16 ஆட்டங்களில் 2 வெற்றி. மூன்றாம் வருடம் சூப்பர் பௌல், அதாவது சாம்பியன் கோப்பை. நடுவில் என்ன மாயம் நடந்தது? பிறகு ஜெயித்த கையோடு ஏன் விலகினார்? கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு கோச்சுக்கு இவ்வளவு பெயர் வருவதே எனக்குப் புதிது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கிரிக்கெட்டில் பந்து வீசப்பட்ட பிறகு முடிவுகள் களத்தில் இருப்பவர்களுடையவை. அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு முறை பந்து நகரும் முன்பும் ஆட்டம் நின்றுவிடுகிறது. அந்த அரை நிமிடத்துக்குள் அடுத்து என்ன ஆடுவது என்று வெளியிலிருந்து உத்தரவு போக வேண்டும். ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்கு இப்படி 60, 70 முறை. வால்ஷின் காலத்தில் குவாட்டர்பேக்கின் (பந்தை வாங்கி வீசுபவரின்) ஹெல்மெட்டில் ரேடியோ கிடையாது, அது 1994இல்தான் வந்தது. கை சைகையிலோ மாற்று ஆட்டக்காரர் வழியாகவோ சொல்லி அனுப்புவார்கள். ஆக, நம்மூர் கேப்டன் செய்யும் வேலையில் பாதி இங்கே எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர் கையில் இருக்கிறது.

47 வயதில்தான் தலைமைப் பயிற்சியாளர் ஆனார் என்பதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் அணிக்குத்தான் அந்த வயதில். சான் ஹோசே ஸ்டேட் கல்லூரி அணியில் ஆடிய வால்ஷ், தொழில்முறை ஆட்டக்காரராக என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதே தொழில்முறை அணிகளின் தாக்குதல் வரிசையைத் தடுப்பது எப்படி என்ற பொருள்தான். 1957இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தலைமைப் பயிற்சியாளர். பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மார்வ் லெவியிடமும், ஸ்டான்ஃபோர்டில் ஜான் ரால்ஸ்டனிடமும் உதவியாளர். 1966இல் ஓக்லாண்ட் ரெய்டர்ஸில் ரன்னிங் பேக்குகளுக்கு (பந்தைத் தாங்கி ஓடுபவர்களுக்கு) பயிற்சி. அடுத்த வருடம் சான் ஹோசே அப்பாச்சிஸ் என்ற இரண்டாம் தரத் தொழில்முறை அணிக்குத் தலைமை. 1968இல் சின்சினாட்டி.

சின்சினாட்டியில்தான் விஷயம் இருக்கிறது. பெங்கால்ஸ் அப்போது புத்தம் புதிய அணி. பால் பிரவுன் உரிமையாளர்களில் ஒருவர், அவரே தலைமைப் பயிற்சியாளர். 1969இல் கிரெக் குக் என்ற இளைஞன் குவாட்டர்பேக்காக வந்தான். இரும்புக் கை. ஒவ்வொரு வீச்சுக்கும் சராசரியாக 9.4 யார்டு, முதல் வருடக்காரனுக்கு அசுரத்தனமான எண். அந்த சீசனிலேயே கன்சாஸ் சிட்டிக்கு எதிராகத் தோள் தசை கிழிந்தது. அந்த சீசனோடு அவன் ஆட்டவாழ்வு நடைமுறையில் முடிந்துவிட்டது. 1970இல் அந்த இடத்துக்கு வந்தவர் வர்ஜில் கார்ட்டர். கெட்டிக்காரர், காலில் வேகம் உண்டு, குறி தவறாது. ஆனால் 40 யார்டு தாண்டிப் பந்தை விசிறும் கை இல்லை. முன்வரிசையும் பலவீனம், எதிரிகளைத் தள்ளி வழி திறந்து ஓட்டத்தால் முன்னேறவும் முடியாது.

களத்தின் நீளம் 100 யார்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அகலம் 53 யார்டு 1 அடி. அந்த அகலத்தை யாரும் முழுக்கப் பயன்படுத்துவதில்லை என்பதை வால்ஷ் பிடித்துக்கொண்டார். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு நகர்ந்தால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கிறது. அதற்கு 50 யார்டு வீச்சு எதற்கு? ஆறு யார்டு வீசு, பிடித்தவன் ஓடி மேலும் ஐந்து சேர்க்கட்டும். ஓட்டத்தின் வேலையைக் குட்டைப் பாஸ் செய்யும். அந்த 1970இல் பெங்கால்ஸ் முதல் ஏழில் ஆறைத் தோற்று, மீதி ஏழையும் வென்று தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருடம் கார்ட்டரின் 62.2 சதவீதம் என்.எஃப்.எல்.லிலேயே உயர்ந்த துல்லியம்.

இந்த முறையை வெறும் ‘குட்டைப் பாஸ்’ என்று எடுத்துக்கொண்டவர்கள்தான் பின்னால் அதிகம் சொதப்பினார்கள். அதன் உயிர் குவாட்டர்பேக்கின் கால்களில் இருக்கிறது. மூன்று காலடி பின்வாங்கினால் பந்து உடனே கையை விட்டுப் போக வேண்டும். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் ஐந்தாறு யார்டில் உள்ளே வெட்டித் திரும்பும் ஓட்டத்துக்கு அது. ஐந்து காலடி பின்வாங்கினால் ரிசீவர் 10, 12 யார்டில் திரும்புவார், ஐந்தாவது காலடி ஊன்றும் கணத்தில் பந்து கிளம்பும். ரிசீவர் இன்னும் திரும்பியே இருக்கமாட்டார், அவர் வரப்போகும் இடத்துக்கு வீசுவது. முதல் ஆள் அடைபட்டிருந்தால் குவாட்டர்பேக் ஒரு சிறு எட்டு முன்வைத்து இரண்டாம் ஆளைப் பார்ப்பார், இன்னொரு எட்டு வைத்து மூன்றாம் ஆளை. அந்த மூன்றாம் ஆள் பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்கும் ரன்னிங் பேக். கால்தான் கடிகாரம்.

12 யார்டு ஓட வேண்டியவர் 11இல் திரும்பினால் பந்து அவர் முதுகுக்குப் பின்னால் போகும், எதிரணிக்காரர் கையில் விழும். பந்து ரிசீவரின் மார்புக்கு ஒரு அடி முன்னால் வர வேண்டும் என்று வால்ஷ் நச்சரிப்பார். உடம்புக்கே வந்தால் ரிசீவர் வேகம் குறைத்துப் பிடிப்பார், பிடித்த பிறகு ஓடிச் சேர்க்கும் யார்டுகள் போய்விடும். ரன்னிங் பேக்கும் ரிசீவர்போலவே பந்து பிடிக்கப் பழக வேண்டும். 1985இல் ரோஜர் கிரெய்க் ஓடி 1,050 யார்டு, பிடித்து 1,016 யார்டு. ஒரே சீசனில் இரண்டிலும் ஆயிரம் தாண்டிய முதல் ஆள் அவர்.

இன்னொரு பழக்கமும் சின்சினாட்டியில் முளைத்தது. தொடக்கத்தில் என்ன ஆடப் போகிறாய் என்று பிரவுன் கேட்பார். அதற்காக நாலைந்து ஆட்டங்களை (ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் யார் என்ன செய்வது என்ற திட்டங்களை) முன்கூட்டியே எழுதி வைக்கத் தொடங்கினார் வால்ஷ். ஸ்டான்ஃபோர்டில் பட்டியல் நீண்டது, சான் ஃபிரான்சிஸ்கோவில் 25 ஆனது. எழுபதாயிரம் பேர் கத்தும்போது எடுக்கும் முடிவைவிட வியாழனோ வெள்ளியோ அமைதியான அறையில் எடுக்கும் முடிவு மேல் என்பது அவர் கணக்கு. எனக்குக் கேட்டால் அவர் செய்த எல்லாமே இந்த ஒரு எண்ணத்தின் கிளைகள்.

அந்த 25ஐ வரிசை மாறாமல் ஆடியே தீருவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூன்றாம் முயற்சியில் எட்டு யார்டு தேவைப்பட்டால் பட்டியலை விட்டு விலகி அதற்கென வைத்திருக்கும் ஆட்டத்துக்குப் போய்விடுவார், பிறகு பட்டியலுக்குத் திரும்புவார். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு அணிவகுப்பைக் காட்டி எதிரணி எப்படி நகர்கிறது என்று குறித்துக்கொள்வார். பதினான்காவதில் அதே அணிவகுப்பிலிருந்து வேறொன்று வரும். பட்டியல் முந்தின இரவே ஆட்டக்காரர்களுக்குத் தெரியும், ஆகவே படபடப்பு குறையும். பட்டியலைவிடப் பெரிய உழைப்பு சூழ்நிலைகளைப் பிரிப்பதில் இருந்தது: மூன்றாம் முயற்சியில் ஒரு யார்டு, மூன்றாம் முயற்சியில் நீளம், எதிரணியின் 20 யார்டுக்குள், கோட்டருகே, நம் கோட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால், கடைசி இரண்டு நிமிடம், முன்னிலையில் இருக்கும்போது நேரத்தைக் கரைப்பது. ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்டங்கள், வாரப் பயிற்சியில் தனி நேரம். முழு வேகத்தில் மோதிக்கொள்ளும் பயிற்சியை மட்டும் குறைத்துவிட்டார். அடிபட்ட ஆட்டக்காரரால் ஞாயிற்றுக்கிழமை பயனில்லை.

1976இல் பிரவுன் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி பில் ஜான்சனுக்குப் போயிற்று. எட்டு வருடம் உழைத்த வால்ஷுக்கு இல்லை. மற்ற அணிகளிடமும் பிரவுன் தனக்கு எதிராகப் பேசினார் என்று வால்ஷ் பின்னாளில் சொன்னார். ஒரு வருடம் சான் டியேகோ சார்ஜர்ஸில் குவாட்டர்பேக் டான் ஃபௌட்ஸுடன், பிறகு ஸ்டான்ஃபோர்டில் இரண்டு வருடம் தலைமை: 9-3, 8-4 (வெற்றி-தோல்வி), இரண்டு முறையும் சீசன் முடிவில் கல்லூரி அணிகளின் பௌல் ஆட்டத்தில் வெற்றி. 1979இல் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் உரிமையாளர் எடி டிபார்டலோ அழைத்தார்.

இப்போது உங்கள் ‘மாயம்’. அணி முந்தின வருடமே 2-14. அவ்வளவு மோசமான அணிக்கு டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) கிடைத்திருக்க வேண்டிய முதல் தேர்வும் கையில் இல்லை. ரன்னிங் பேக் ஓ.ஜே. சிம்ப்சனை வாங்கியபோதே அது பஃபலோ அணிக்குப் போய்விட்டது. வால்ஷின் முதல் வருடமும் 2-14தான், ஆனால் உள்ளே பாருங்கள்: குவாட்டர்பேக் ஸ்டீவ் டிபெர்க் 578 வீசி 347ஐச் சேர்த்தார், இரண்டுமே அப்போது சாதனை எண்கள். இயந்திரம் ஓடிற்று, எதிரணியைத் தடுக்கத்தான் ஆளில்லை. அந்த வருட டிராஃப்டில் குவாட்டர்பேக் ஜோ மான்டானாவை மூன்றாம் சுற்றில், 82ஆவது ஆளாக எடுத்தார். கை வலு போதாது என்று மற்றவர்கள் ஒதுக்கிய பையன். கார்ட்டரை வைத்து வேலை பார்த்தவருக்கு அது குறையாகத் தெரியவில்லை, கால் அசைவுதான் தெரிந்தது. ரிசீவர் டுவைட் கிளார்க் பத்தாம் சுற்று. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் வேறொரு குவாட்டர்பேக்கைப் பார்க்கப் போன இடத்தில் பந்து பிடித்துக் கொடுத்தவர் அவர்.

1980இல் தொடர்ந்து எட்டுத் தோல்வி, பதவியை விட்டுவிடலாமா என்றே யோசித்திருக்கிறார். 1981இல் தடுப்பு வரிசையைப் பிரித்துப் போட்டார். ரானி லாட், எரிக் ரைட், கார்ல்டன் வில்லியம்சன் என்று மூன்று புதுமுகங்களைப் பின்வரிசையில் ஒரேயடியாக இறக்கினார். சீசன் நடுவில் சான் டியேகோவிலிருந்து ஃபிரெட் டீன். 13-3.

1982 ஜனவரி 10, டல்லாஸுடன் அரையிறுதி போன்ற ஆட்டம் (உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் ஆறாத புண்). 27-21 என்று பின்தங்கியிருக்கிறார்கள், ஐந்து நிமிடம்கூட இல்லை, 89 யார்டு போக வேண்டும். பாஸ்தான் வரும் என்று டல்லாஸ் கூடுதல் பின்வரிசைக்காரர்களை இறக்கிற்று. வால்ஷ் ஓடச் சொன்னார். ரன்னிங் பேக் லென்வில் எலியட் ஓடி ஓடியே பாதித் தூரம் அரிக்க, கடைசியில் ஆறு யார்டு பாக்கி. முதல் கால்பகுதியில் ரிசீவர் ஃபிரெடி சாலமன் டச்டவுன் (எதிரணிக் கோட்டுக்குள் பந்தைச் சேர்ப்பது) அடித்த அதே ஆட்டம் மறுபடி. சாலமன் வழுக்கிவிட்டார். இரண்டாம் ஆள் கோட்டின் பின்னோரமாக ஓடும் கிளார்க். அவர் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பந்து வெளியே போக வேண்டும், அந்த உயரத்தில் வீசு என்பது பயிற்சியிலேயே ஒத்திகை பார்த்தது. 28-27. இரண்டு வாரத்தில் சூப்பர் பௌல், எதிரே சின்சினாட்டி, 26-21.

இந்த முறை எங்கே உடையும்? நேரம் குலைந்தால். ரிசீவரைத் தொடக்கத்திலேயே முட்டித் தள்ளினால் கால் கடிகாரம் பொய்யாகிவிடும். முதல் ஐந்து யார்டுக்கு அப்பால் முட்டக்கூடாது என்ற 1978 விதி வால்ஷுக்குக் கிடைத்த வரம், அது இல்லாமல் இந்தப் புகழ் இவ்வளவு இருந்திருக்காது. இன்னொரு அபாயம், குவாட்டர்பேக்கை ஐந்தாம் காலடிக்கு முன்பே போய்ச் சேருபவன். நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் அப்படி. ரன்னிங் பேக் அவரைத் தடுக்க முடியாது என்று கண்டு, 1982 ஜனவரியில் முன்வரிசைக்காரர் (கார்ட்) ஜான் ஏயர்ஸைப் பின்னால் இழுத்து டெய்லருக்கு எதிரே நிறுத்தினார். வென்றார். அந்த வைத்தியம் ரொம்ப நாள் தாங்கவில்லை. 1987 ஜனவரியில் அதே ஜயன்ட்ஸிடம் 49-3.

1984இல் 15-1, இரண்டாம் கோப்பை. 1988இல் மூன்றாவது, மறுபடி சின்சினாட்டி. அந்த அணியின் பயிற்சியாளர் இவரிடமே உதவியாளராக இருந்த சாம் வைச். ஏன் விலகினார் என்கிறீர்கள். ஆட்டக்காரரை ஒரு வருடம் தாமதமாக அனுப்புவதைவிட ஒரு வருடம் முன்பே அனுப்பு என்பது அவர் கொள்கை. மான்டானாவின் இடத்துக்கே ஸ்டீவ் யங்கைக் கொண்டுவந்தார். 1987இல் 13-2 என்று வந்த அணி முதல் பிளேஆஃப் (நாக்-அவுட்) ஆட்டத்திலேயே மின்னசோட்டாவிடம் விழுந்தது, மான்டானாவை நடுவில் வெளியே எடுத்தார், உரிமையாளர் அவரிடமிருந்து அணி நிர்வாகத் தலைவர் பதவியைப் பறித்தார். டிராஃப்ட், ஒப்பந்தம், தாக்குதல் திட்டம், ஆட்ட அழைப்பு எல்லாம் ஒரே ஆள் தலையில். பத்து வருடத்தில் எரிந்து தீர்ந்தார். சீக்கிரம் போய்விட்டேன் என்று பின்னால் வருந்தியும் இருக்கிறார். அடுத்த வருடம் அதே அணியை வைத்து ஜார்ஜ் சீஃபர்ட் கோப்பை வென்றது அந்த வருத்தத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம். 1992இல் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பி முதல் வருடம் 10-3, அப்புறம் 4-7, 3-7-1 (ஒன்று டிரா). அதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

மகன் விஷயம். கோச் ஆக முடியும். வால்ஷிடம் பயிற்சியாளராக இருந்த மைக் ஹோம்கிரன் பள்ளியில் வரலாறு நடத்தியவர். ஹோம்கிரனிடம் கிரீன் பே அணியில் வேலை பார்த்து, பிறகு தலைமைப் பயிற்சியாளரான ஆண்டி ரீட் என்.எஃப்.எல்.லில் ஆடியதே இல்லை. ஆனால் வழி நீளம்: கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டே சொற்பச் சம்பளத்துக்கு உதவியாளர், வீடியோ வெட்டுவது, எதிரணியின் ஆட்டங்களைத் தாளில் வரைவது, பிறகு ஒரே ஒரு நிலைக்கான பயிற்சியாளர், பிறகு தாக்குதலுக்கோ தடுப்புக்கோ பொறுப்பாளர். உச்சியில் இருப்பது 32 நாற்காலிதான். தலைமை மாறினால் உதவியாளர்களும் மூட்டை கட்ட வேண்டியிருக்கும், ஆகவே ஆசிரியர் சான்றிதழ் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படம் வரைகிறான் என்றீர்களே, அதை இன்னும் முறையாகச் செய்யலாம். 1989 ஜனவரி சூப்பர் பௌலின் கடைசி 92 யார்டு, 11 ஆட்டங்கள், வீடியோவில் கிடைக்கும். ஒவ்வொன்றையும் பந்து கிளம்பும் முன் நிறுத்தி, எத்தனையாவது முயற்சி, எவ்வளவு தூரம், கடிகாரத்தில் எவ்வளவு மீதி, தடுப்பவர்கள் எத்தனை பேர் பின்னால் என்று எழுதட்டும். தான் என்ன அழைப்பான் என்பதையும் எழுதிவிட்டு, அப்புறம் ஓடவிடட்டும்.