கண்ணோரத்துச் சிரிப்பு: கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில், அட்டனில் உளவளத்துணை (கவுன்சலிங்) வேலை செய்கிறேன். பெரியவர்களின் சிரிப்பு பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் நான்கு இதோ.

அக்கா, ஒருவர் மனதாரச் சிரிக்கிறாரா, சும்மா பல்லைக் காட்டுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (தலவாக்கலை)

பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862இல் இதைப் பற்றி எழுதினார். வாயோரத்தை மேலே இழுக்கும் தசையை நினைத்தபோது அசைக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசை மனம் மகிழ்ந்தால்தான் சுருங்கும் என்றார். பிந்திய ஆய்வுகளோ, பலர் கண்ணோரத்தையும் வேண்டுமென்றே சுருக்குகிறார்கள் என்று காட்டின. அதனால் தம்பி, கண்ணை மட்டும் பார்த்து யாரையும் பொய்யர் என்று முடிவுகட்டாதீர்கள்.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்தால் நன்றாகச் சிரிப்பார். லயத்துக்கு, எங்கள் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்ததும் முகம் இறுகிவிடும். எங்களைப் பிடிக்கவில்லையா? (டிக்கோயா)

இல்லை தங்கச்சி. வெளியாட்களுக்கு முகம் காட்டிக் களைத்தவர், உங்கள் முன்னால் மட்டும்தான் அதைக் கழற்றி வைக்கிறார். அதுவும் ஒரு நேர்மைதான்.

என் அம்மாவும் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்தான். பின்னேரம் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார், ஒரு சொல் பேசமாட்டார். ஒருநாள் என் தம்பி, கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை போடும் சத்தத்தை அப்படியே செய்து காட்டினான். அம்மா, கொழுந்துக் கறை படிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்; தேத்தண்ணி மடியில் கொட்டியது கூடத் தெரியவில்லை. அதற்கு முன் எத்தனை மாதம் அவர் அப்படிச் சிரிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. "ஏன் சிரிக்கிறதில்லை" என்று கேட்காதீர்கள். தேத்தண்ணியோடு பக்கத்தில் போய் உட்காருங்கள்.

நுவரெலியாவில் ஹோட்டல் வேலை. நாள் முழுக்கச் சிரித்துவிட்டு, வீட்டில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன்.

சமூகவியலாளர் ஹாக்சைல்டு 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியது உங்களுக்கும் பொருந்தும். சம்பளத்துக்காக உணர்ச்சியை ஒழுங்குபடுத்துவதும் உழைப்புத்தான் என்றார். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று நாளெல்லாம் நடிப்பது ஆளை உறிஞ்சிவிடும். சிரிக்காதே என்று நான் சொன்னால் வேலை போய்விடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் தனியே இருங்கள். அப்புறம் பிள்ளைகளிடம் நேராகவே சொல்லுங்கள்: "அப்பாவுக்குக் களைப்பு, உங்கள்மேல் கோபமில்லை." பிள்ளைகளுக்கு அது விளங்கும்.

அப்பா செத்து நாலு மாதம். நேற்று அவருடைய பழைய குறும்பு ஒன்றைச் சொல்லி வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இரவெல்லாம் மனம் குத்துகிறது. (பண்டாரவளை)

குத்த வேண்டாம், தம்பி. கெல்ட்னர், பொனானோ என்ற இருவர் துணையை இழந்தவர்களை ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது கண்ணும் சேர உண்மையாகச் சிரித்தவர்களிடம் மனத்துயர் குறைவாக இருந்தது. சிரித்ததால்தான் குறைந்தது என்று அதற்குப் பொருளில்லை. ஆனாலும் உங்கள் சிரிப்பில் துரோகம் எதுவும் இல்லை. நம் இழவு வீட்டிலும் ஒப்பாரி அடங்கிய நடுராத்திரியில், செத்தவரின் குறும்பை யாராவது எடுத்துவிடுவார்கள். அழுத கண்ணோடேயே எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவின் அந்தக் குறும்பை அம்மாவிடமும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.